ஒடூவில் நின்றுபோன திட்டமிட்ட பணியைத் தரவுத்தளத்தில் கைவைத்துச் சரிசெய்யலாமா?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்த வியாபார நிறுவனம் ஒன்றுக்காகச் சொந்த சர்வரில் ஒடூ 16-ஐ (விற்பனை, கணக்கு, கிடங்கு ஆகியவற்றை நிர்வகிக்கும் வணிக மென்பொருள்) நடத்துகிறீர்கள். பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்குத் தினமும் காலை 9 மணிக்கு நினைவூட்டல் மடல் அனுப்பும் திட்டமிட்ட பணி ஒன்றை வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நேற்றுக் காலையிலிருந்து அதன் அடுத்த ஓட்ட நேரம் நகரவே இல்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் போய் மாற்றப் பார்த்தால், இந்தப் பணி தற்போது ஓடிக்கொண்டிருக்கிறது, சில நிமிடங்கள் கழித்து முயலுங்கள் என்ற செய்தி வருகிறது. ஒடூவின் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸுக்குள் நுழைந்து, திட்டமிட்ட பணிகள் பதிவாகும் ஐஆர்_கிரான் அட்டவணையில் அடுத்த ஓட்ட நேரத்தைக் குறிக்கும் நெக்ஸ்ட்கால் புலத்தை இப்போதைய நேரத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, இதற்குத் தொடர்பில்லை என்று நினைத்து, ஒரே மடல் விடாமல் வந்துகொண்டிருப்பதாக இரண்டு வாடிக்கையாளர்கள் சண்டை போட்டதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான்.

ஆகவே எதையும் படிப்பதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். ஒடூவின் கட்டமைப்புக் கோப்பில் மேக்ஸ்_கிரான்_த்ரெட்ஸ் என்ற அமைப்பைப் பூஜ்யம் என்று மாற்றி, சேவையை ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் இயல்பு மதிப்பு 2. பூஜ்யமாக்கினால் பின்னணிப் பணி எதுவும் ஓடாது, ஆனால் விற்பனை, கணக்கு, கிடங்கு என்று மற்றவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலை வழக்கம்போல் நடக்கும். பணி ஓடவில்லை என்றால் தரவுத்தளத்தில் அதன் வரியை மற்றவர் மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டும் இருக்காது. பிறகு செட்டிங்ஸ் பக்கத்திலேயே போய் அந்த ஒரு பணியின் ஆக்டிவ் குறியை எடுத்துவிட்டுச் சேமிக்கலாம். உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும், தரவுத்தளத்துக்குள் நுழையவே தேவைப்படாது. மற்ற பணிகள் காத்திருக்கின்றன என்பதால், அந்தப் பணியை முடக்கியதும் அமைப்பைப் பழைய எண்ணுக்கே திருப்பிவிடுங்கள்.

இனி நண்பர் சொன்ன வழி ஏன் பயன்படாது என்பதைச் சொல்கிறேன். திட்டமிட்ட பணிகளை ஓட்டும் ஒடூவின் பின்னணிச் செயலியான கிரான் ஒர்க்கர் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, ஐஆர்_கிரான் அட்டவணையில் ஆக்டிவ் ஆக இருக்கும், நம்பர்கால் (இன்னும் எத்தனை முறை ஓட வேண்டும் என்ற எண்) பூஜ்யம் அல்லாத, நெக்ஸ்ட்கால் நேரம் கடந்துவிட்ட வரிகளை எடுக்கிறது. நேரம் கடந்துவிட்டதா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு, எவ்வளவு காலம் கடந்தது என்பது பொருட்டல்ல. உங்கள் வரியில் நெக்ஸ்ட்கால் நேற்றுக் காலையிலேயே நிற்கிறது என்றால், அந்தப் பணி நேற்றிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஓடத் தகுதியுள்ளதாகவே இருந்து வருகிறது. அதை இப்போதைய நேரத்துக்கு மாற்றுவது, வாசலில் நிற்பவரை மறுபடியும் வாசலுக்கு வரச் சொல்வதற்குச் சமம். நகராத நெக்ஸ்ட்கால் வெறும் அறிகுறி. கேட்க வேண்டியது அது ஏன் நகரவில்லை என்பதையே.

அதற்கு விடை, அந்தப் புலம் எப்போது எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. 15, 16 ஆகிய பதிப்புகளில் ஒர்க்கர் ஒரு பணிக்கு இரண்டு தரவுத்தள இணைப்புகளைப் பயன்படுத்துகிறது. முதல் இணைப்பு ஐஆர்_கிரானில் அந்தப் பணியின் வரியைப் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கும். இரண்டாவது இணைப்பில்தான் உண்மையான வேலை நடக்கும். வேலை முடிந்து இரண்டாவது இணைப்பு கமிட் ஆன (மாற்றங்கள் நிரந்தரமான) பிறகு, முதல் இணைப்பு நெக்ஸ்ட்கால், கடைசியாக ஓடிய நேரமான லாஸ்ட்கால் இரண்டையும் எழுதிப் பூட்டை விடும். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பணியின் பைத்தான் நிரலில் பிழை வந்தால்கூட ஒடூ அதைப் பிடித்து லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) எழுதி, வேலையை ரோல்பேக் செய்துவிட்டு (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிட்டு), நெக்ஸ்ட்காலை முன்னே நகர்த்திவிடும். ஆகவே நெக்ஸ்ட்கால் நகரவில்லை என்றால், சாதாரண நிரல் பிழை காரணம் அல்ல என்று உறுதியாகவே சொல்லலாம். பணியை யாரும் எடுக்கவே இல்லையா, எடுத்தது முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறதா, அல்லது முடிவதற்குள் கொல்லப்பட்டதா என்ற மூன்றுதான் மிச்சம். பணி ஓடிக்கொண்டிருப்பதாகச் செய்தி வருவதால் முதலாவது உங்களுக்குப் பொருந்தாது. அந்தச் செய்தி, நீங்கள் சேமிக்கும் நொடியில் அந்த வரி பூட்டப்பட்டிருந்தால் மட்டுமே வரும்.

மீதி இரண்டில் எது என்பதைத் தரவுத்தளத்தைப் படித்தே கண்டுபிடிக்கலாம். போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற காட்சி ஒவ்வோர் இணைப்பின் செயலி எண் (இயங்கும் ஒவ்வொரு செயலிக்கும் கணினி தரும் எண்), அது தொடங்கிய நேரம், (கமிட் அல்லது ரோல்பேக் ஆகும்வரை ஒன்றாக எண்ணப்படும் மாற்றங்களின் தொகுப்பான) நடப்பு டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், கடைசியாக ஓட்டிய வினவல், தற்போதைய நிலை ஆகியவற்றைத் தரும். பூட்டுகளைக் காட்டும் பிஜி_லாக்ஸ் காட்சியை அதோடு இணைத்துப் பார்த்தால் ஐஆர்_கிரானைப் பிடித்திருக்கும் இணைப்பு எது என்பது தெரிந்துவிடும். இதைக் கிரான் த்ரெட்டுகளை நிறுத்துவதற்கு முன் பார்த்திருந்தால் நேரடியாகவே விளங்கியிருக்கும், ஆனால் வாடிக்கையாளருக்கு மடல் போய்க்கொண்டிருக்கும்போது ஆராய்ச்சியை விட நிறுத்துவதே முதல் வேலை. இதே நிலை இன்னொரு முறை வந்தால், இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று தடவை பாருங்கள். பூட்டு வைத்திருக்கும் இணைப்பின் செயலி எண் மாறாமல், டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம் நேற்றுக் காலை 9 என்று காட்டினால், அது உண்மையிலேயே தொங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு செயலி எண் வந்து, டிரான்சாக்‌ஷனின் வயது எப்போதும் இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால், பணி தொங்கவில்லை. கொல்லப்பட்டு, மறுபடி எடுக்கப்பட்டு, மறுபடி கொல்லப்பட்டு என்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் நிலைமை இந்த இரண்டாவது என்றே நினைக்கிறேன். உங்கள் லாகைப் பார்க்காமல் சொல்வதால் இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் காரணம் இருக்கிற ஊகம். ஒர்க்கர்களுடன் ஒடூவை நடத்தும்போது ஒரு வேலை ஓடக்கூடிய உச்ச நேரமான லிமிட்_டைம்_ரியல் என்ற வரம்பு இயல்பாக 120 நொடி. கிரானுக்கென்று தனி வரம்பு வைக்காவிட்டால் இதே 120 நொடிதான் அதற்கும். பணி அதைத் தாண்டினால் தாய்ச் செயலி அந்தக் கிரான் ஒர்க்கரைக் கொன்றுவிடும். இணைப்புகள் அறுந்ததும் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் ரோல்பேக் செய்துவிடும், பூட்டும் போய்விடும். நெக்ஸ்ட்கால் பழையபடி நேற்றிலேயே நிற்பதால் புதிதாகப் பிறக்கும் ஒர்க்கர் அதே பணியை மறுபடி எடுக்கும். வாடிக்கையாளர் பட்டியல் வளர்ந்து, நேற்று முன்தினம் 115 நொடியில் முடிந்த வேலை நேற்று 125 நொடி கேட்டிருந்தால் போதும், இந்தச் சுற்று தொடங்கிவிடும். லாகில் ஒர்க்கர்கிரான் என்ற சொல்லையும் அதையொட்டி டைம்அவுட் ஆஃப்டர் 120 என்ற சொற்றொடரையும் தேடுங்கள். இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் அது திரும்பத் திரும்ப வந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மடல் திரும்பத் திரும்பப் போவதற்கும் இதுவே விளக்கம். ரோல்பேக் தரவுத்தளத்துக்குள் நடந்ததை மட்டுமே திரும்பப் பெறும். மடல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி வழியாக வெளியே போன மடலை அதனால் திருப்பி அழைக்க முடியாது. உங்கள் பணி பட்டியலின் முதல் வாடிக்கையாளரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் மடலை உடனுக்குடன் அனுப்பிக்கொண்டே போகிறது. அனுப்பியாயிற்று என்ற குறிப்பு கடைசியில் கமிட் ஆவதற்குள் கொல்லப்படுகிறது. அடுத்த சுற்றில் அது மறுபடியும் முதல் வாடிக்கையாளரிலிருந்தே தொடங்கும். பட்டியலின் தலைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட மடல்கள், கடைசியில் இருப்பவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. சண்டை போட்ட இருவரும் பட்டியலின் மேற்பகுதியில் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆம் என்றால் இந்த விளக்கத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை.

உண்மையாகவே தொங்கிக் கிடக்கும் நிலை என்றால் கையாள வேண்டிய விதம் வேறு. அந்த இணைப்பை அறுக்கப் போஸ்ட்கிரெஸில் இரண்டு செயற்பாடுகள் உண்டு. பிஜி_கேன்சல்_பேக்எண்ட் நடந்துகொண்டிருக்கும் வினவலை மட்டும் நிறுத்தும். பூட்டு வைத்திருக்கும் இணைப்பு எந்த வினவலையும் ஓட்டாமல் ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் நிலையில் இருப்பதால் அது எந்தப் பயனும் தராது. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் இணைப்பையே அறுத்துவிடும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மேலே சொன்ன இரட்டை இணைப்பு முறையால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பணியின் பூட்டு இணைப்பும் வெளிப்பார்வைக்கு ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் என்றே தெரியும். சும்மா கிடக்கிறது என்று அதை அறுத்தால், மறுபக்கம் வேலை ஒழுங்காக முடிந்து கமிட் ஆகிவிடும், நெக்ஸ்ட்காலை எழுத மட்டும் ஆள் இருக்காது. பணி மறுபடி முதலிலிருந்து ஓடும். இதே காரணத்தால், ஐடில் இணைப்புகளைச் சில நிமிடங்களில் தானாக அறுக்கும் போஸ்ட்கிரெஸ் அமைப்பை யாராவது சர்வர் முழுவதற்கும் போட்டு வைத்திருந்தால், அதைவிட நீளமாக ஓடும் ஒடூ பணிகள் ஒவ்வொரு முறையும் வெற்றிகரமாக முடிந்தும் திரும்பத் திரும்ப ஓடும். உங்களுக்கு இது பொருந்த வாய்ப்பு குறைவு, ஆனால் லாகில் டைம்அவுட் வரியே இல்லையென்றால் அந்த அமைப்பையும் ஒரு பார்வை பாருங்கள்.

சரி, இடைமுகம் வழியாக எதுவும் செய்ய முடியாத நிலை, தரவுத்தளத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படி நேர்வதுண்டு. கோளாறான பணி ஒன்றால் சர்வரே எழ முடியாமல் தவிக்கும்போது நானே அதைச் செய்திருக்கிறேன். நகலெடுத்து ஒட்டும்படியான கட்டளையை நான் இங்கே தராததற்குக் காரணம், நகலெடுத்து ஒட்டும்போதுதான் தவறு நேர்கிறது என்பதே. முறையை மட்டும் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்க்யூஎல்-இல் நுழைந்ததும் முதலில் பிகின் கொடுத்து டிரான்சாக்‌ஷனைத் தொடங்குங்கள். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு ஐந்து நொடி என்று வரம்பு வையுங்கள். ஏனென்றால் பூட்டப்பட்ட வரியை நீங்கள் மாற்ற முயன்றால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டாமல் பேசாமல் காத்திருக்கும். காத்திருக்கிறீர்கள் என்பதை மறந்து தேநீர் குடிக்கப் போய்விட்டால், பூட்டு எப்போது விடுபடுகிறதோ அப்போது உங்கள் மாற்றம் உள்ளே போகும். அடுத்து அந்த வரியின் பழைய மதிப்புகளை எல்லாம் செலக்ட் செய்து ஒரு கோப்பில் சேமியுங்கள். கிரான்_நேம் புலத்தைப் பார்த்துச் சரியான பணியின் ஐடி எண்ணை உறுதிசெய்து, அந்த எண்ணை மட்டும் வேர் பகுதியில் (எந்த வரியை மாற்றுவது என்று வரையறுக்கும் பகுதி) போட்டு, ஆக்டிவ் என்ற ஒரே ஒரு புலத்தை ஃபால்ஸ் ஆக்குங்கள். பிஎஸ்க்யூஎல் பதிலாக அப்டேட் 1 (ஒரு வரி மாறியது) என்று சொல்ல வேண்டும். வேறு எந்த எண் வந்தாலும் ரோல்பேக். 1 என்று வந்தால் கமிட்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நிறுவனத்தின் சர்வரில் இரவு பதினொரு மணிக்கு ஒரு பணியை மட்டும் மறுபடி இயக்கப் போன நான், பிகின் போடாமல், வேர் பகுதியை அடுத்த வரியில் தட்டச்சு செய்யலாம் என்று நினைத்து, கைப்பழக்கத்தில், கட்டளையை முடிக்கும் அரைப்புள்ளியை முதல் வரியிலேயே வைத்து என்டரைத் தட்டிவிட்டேன். அப்டேட் 43 என்று திரையில் வந்தது. எவருக்கும் தேவையில்லை என்று ஆண்டுக் கணக்கில் முடக்கி வைத்திருந்த பணிகள் எல்லாம் விழித்துக்கொண்டன. அவற்றில் ஒன்று, நிறுவனம் கைவிட்ட பழைய சேவைக்கு இன்வாய்ஸ் உருவாக்கும் பணி. மறுநாள் முழுவதும் கணக்குப் பிரிவினருடன் உட்கார்ந்து ஒவ்வோர் இன்வாய்ஸாக ரத்து செய்தோம். எந்த வரிகள் முன்பு முடங்கியிருந்தன என்ற பட்டியல் என்னிடம் இல்லாததால், பழைய பேக்கப்பை வேறோர் இடத்தில் திறந்து ஒப்பிட வேண்டியிருந்தது. பழைய மதிப்புகளைச் சேமிக்கச் சொல்வது அந்த நாளில் கற்றது.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் எனக்குத் தெளிவான கோடு உண்டு. ஆக்டிவ், நெக்ஸ்ட்கால், பிரையாரிட்டி ஆகியவற்றை ஒர்க்கர் ஒவ்வொரு முறையும் அட்டவணையிலிருந்தே நேரடியாகப் படிப்பதால், அவற்றை எஸ்க்யூஎல்-இல் மாற்றினாலும் மறுதொடக்கம் இல்லாமலே ஒரு நிமிடத்துக்குள் நடைமுறைக்கு வந்துவிடும். வரியை டெலீட் செய்வது வேறு விஷயம். ஒரு திட்டமிட்ட பணி ஐஆர்_கிரானில் மட்டும் இல்லை. அதன் பெயரும் நிரலும் ஐஆர்_ஆக்ட்_சர்வர் அட்டவணையில் இருக்கின்றன, மாட்யூல் (ஒடூவில் நிறுவும் நிரல் தொகுப்பு) வழி வந்ததென்றால் அதன் அடையாளம் ஐஆர்_மாடல்_டேட்டாவில் இருக்கிறது. ஒன்றை மட்டும் அழித்தால் மற்றவை அநாதையாகக் கிடக்கும், மாட்யூலை அடுத்த முறை புதுப்பிக்கும்போது பணி மறுபடி முளைக்கவும் கூடும். புதிய வரியை இன்சர்ட் செய்வதையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள்.

டூஆல் புலத்தை மட்டும் மறுபடி இயக்கும் முன் கட்டாயம் பாருங்கள். இடைமுகத்தில் அது தவறிய ஓட்டங்களையும் ஓட்டு என்ற பொருளில் ஒரு குறியாக இருக்கும். அது ட்ரூவாக இருந்தால் உங்கள் பதிப்பில் ஒடூ தவறிய ஒவ்வோர் ஓட்டத்தையும் வரிசையாக ஓட்டும். தினசரிப் பணிக்கு அது ஓரிரு முறை, அவ்வளவுதான். மணிக்கு ஒரு முறை ஓடும் பணி மூன்று நாள் முடங்கிக் கிடந்தால் 72 முறை. அது ஃபால்ஸ் என்றால் எத்தனை தவறியிருந்தாலும் ஒரே முறை ஓடி, நெக்ஸ்ட்கால் எதிர்காலத்துக்குத் தாவிவிடும்.

இது உங்கள் நிலைமை இல்லை என்றாலும், இதே தலைப்பில் தேடி வருபவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு பணி மட்டுமின்றி எல்லாப் பணிகளும் ஒருசேர நின்றிருந்தால் ஐஆர்_கிரானைப் பார்த்துப் பயனில்லை. ஐஆர்_மாட்யூல்_மாட்யூல் அட்டவணையில் ஏதாவது மாட்யூல் டு அப்கிரேட், டு இன்ஸ்டால் என்ற நிலையில் பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்று இருக்கும்வரை கிரான் ஒர்க்கர் அந்தத் தரவுத்தளத்தையே ஒதுக்கிவிட்டுப் போகும், லாகில் அதைச் சொல்லவும் செய்யும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தால் ஒடூ தானே அந்த நிலையைப் பழையபடி மாற்றிக்கொள்ளும். அதற்குள் பொறுமையிழந்து நிலையைக் கையால் மாற்றுவதை விட, பாதியில் நின்ற புதுப்பிப்பை ஒழுங்காக முடிப்பதே நல்லது.

உங்கள் பணிக்கு வருவோம். உடனடித் தீர்வாகக் கிரானுக்கான தனி வரம்பான லிமிட்_டைம்_ரியல்_கிரானை 600 நொடி என்று உயர்த்தலாம். அது இன்றைக்கு உதவும், பட்டியல் மேலும் வளர்ந்தால் திரும்ப இதே இடத்துக்கு வருவீர்கள். நிரலை எழுதியவரிடம் இரண்டு மாற்றங்களைக் கேளுங்கள். முதலாவது, மடலை உடனடியாக அனுப்பும் ஃபோர்ஸ்_சென்ட் என்ற அளவுருவை எடுத்துவிடுவது. அப்போது மடல் தரவுத்தளத்தில் வரிசையில் மட்டும் நிற்கும், ஒடூவின் சொந்த மடல் வரிசைப் பணி அதை அனுப்பும். இடையில் கொல்லப்பட்டால் வரிசையில் நின்ற மடலும் சேர்ந்தே ரோல்பேக் ஆகிவிடும், இரண்டாம் முறை போகாது. இரண்டாவது, ஒரே மூச்சில் எல்லோரையும் எடுக்காமல் ஐம்பது பேரை எடுத்து, முடித்ததாகக் குறித்து, மிச்சம் இருந்தால் பணி தன்னையே மறுபடி அழைத்துக்கொள்ளும்படி செய்வது. பதிப்பு 15 முதல் இதற்கென்றே ட்ரிகர் வசதி இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலாவதைச் செய்யச் சொல்லுங்கள்.

இந்த மாற்றங்களை முதலில் ஒரு நகல் தரவுத்தளத்தில் சோதிப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நகலை எழுப்பும்போது 16-ஆம் பதிப்பில் வந்த நியூட்ரலைஸ் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். அது திட்டமிட்ட பணிகளையும் வெளிச்செல்லும் மடல் சர்வர்களையும் முடக்கிவிடும். இல்லாவிட்டால் ஆக்டிவ் ஆக இருக்கும் மற்ற பணிகள் சோதனை சர்வரிலிருந்தே உண்மையான வாடிக்கையாளர்களுக்கு மடல் அனுப்பத் தொடங்கிவிடும்.

கடைசியாக, உங்கள் நண்பர் சொன்ன நெக்ஸ்ட்கால் மாற்றத்துக்கு ஓர் இடம் உண்டு, அது இப்போதுதான் வருகிறது. பணியை மறுபடி ஆக்டிவ் ஆக்கும் அந்த நொடியில் நெக்ஸ்ட்கால் பழைய தேதியிலேயே இருந்தால், பிற்பகல் மூன்று மணியானாலும் அது உடனே ஓடிவிடும். ஆகவே ஆக்டிவ் ஆக்குவதற்கு முன்பே நெக்ஸ்ட்காலை நாளைக் காலைக்கு மாற்றுங்கள். இடைமுகத்தில் மாற்றினால் உங்கள் பயனர் கணக்கின் நேர மண்டலம் இந்திய நேரமாக இருக்கும்வரை 9:00 என்றே கொடுக்கலாம். தரவுத்தளத்தில் நேரடியாக எழுதினால் 03:30 என்று எழுத வேண்டும், ஏனென்றால் அந்தப் புலம் நேர மண்டலக் குறிப்பில்லாமல், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரமான யூடிசி நேரத்தைச் சேமிக்கிறது. அங்கே 09:00 என்று எழுதினால் மடல்கள் பிற்பகல் 2:30-க்குப் போகும். நாளைக் காலை 9 மணிக்கு லாகைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். பணி முடிந்ததும் லாஸ்ட்காலில் நாளைய தேதியும், நெக்ஸ்ட்காலில் நாளை மறுநாள் 03:30-உம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் எஸ்எம்டிபி சர்வரின் லாகிலிருந்து யாருக்கு எத்தனை மடல் போனது என்ற பட்டியலை எடுத்து, அதிகம் பெற்றவர்களுக்கு யாராவது தொலைபேசியில் பேசிவிடுங்கள், இன்னொரு மடல் அனுப்ப வேண்டாம்.